வாள் அடிக்கப் பழகுபவருக்கு

வாள் அடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வருபவர்களிடம், இதுவரை எத்தனை கத்தி அடித்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஒன்றுமில்லை என்றால் ஒரு சிறு கத்தி, அப்புறம் ஒரு வெட்டுக்கத்தி, அப்புறம் முழங்கை நீளத்தில் ஒன்று எனப் படிப்படியாக ஏறச் சொல்வேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் சிறு கத்தியில் கண்ணுக்கே படாத கோணல், முக்கால் மீட்டர் நீளத்தில் பல்லிளித்துவிடும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நான் சொல்லித்தருவது சுருக்கமாக இவ்வளவுதான்: வாளில் கூர்மை கடைசி வேலை. முதல் வேலை கனத்தைப் பங்கிடுவது, அடுத்தது சூட்டைப் பங்கிடுவது. இந்த இரண்டும் சரியாக அமைந்த அலகில் யார் வேண்டுமானாலும் கூர் வைக்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் எவ்வளவு மினுக்கினாலும் அது சுவரில் மாட்டும் சாமான்தான்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். நீளமான அலகுகளைச் செய்யவும் வைத்திருக்கவும் வெளியே எடுத்துச் செல்லவும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உலையைப் பற்றவைக்கும் முன் உங்கள் ஊரின் சட்டத்தைப் பாருங்கள்.

வரைபடமும் அளவுகளும்

திரையில் நாயகன் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்குகிற வாளை மறந்துவிடுங்கள். அருங்காட்சியகங்களில் இருக்கும் இடைக்கால ஐரோப்பிய ஒற்றைக்கை வாள்கள் பெரும்பாலும் 900 கிராமிலிருந்து 1.3 கிலோவுக்குள் நிற்கும். இரண்டு கையால் பிடிக்கும் நீளவாள்கூட பொதுவாக ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அவ்வளவு நீளமான இரும்பு எப்படி இவ்வளவு லேசானது? தடிமனில் இருக்கிறது விஷயம். பிடிக்கு அருகே 5 முதல் 7 மி.மீ. இருக்கும் அலகு, முனையை நெருங்கும்போது 3 மி.மீ.க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அகலத்தில் குறைவது படத்தில் தெரியும். தடிமனில் குறைவது படத்தில் தெரியாது. அதனால்தான் படத்தைப் பார்த்து மட்டும் செய்த வாள் கையில் கடப்பாரையாகக் கனக்கிறது.

ஆகவே முதலில் அட்டையில் முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அகலம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு என்று எழுதுங்கள். முதல் வாளுக்கு நான் கொடுக்கும் அளவு இது: அலகு 70 செ.மீ., அடியில் அகலம் 48 மி.மீ., தடிமன் 6 மி.மீ. நடுவில் தடிமன் 4.2 மி.மீ. முனைக்கு 5 செ.மீ. முன்னால் 2.5 மி.மீ. குறைவது சீராக இருக்க வேண்டியதில்லை. அடியிலிருந்து முதல் மூன்றில் ஒரு பங்கில் வேகமாகக் குறைந்து, பிறகு நிதானமாகப் போனால் வாள் கைக்கு உயிரோடு இருக்கும். சமநிலைப் புள்ளி கைக்காப்பிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி விழ வேண்டும்.

எந்த வடிவம் என்று குழம்புபவர்களுக்கு எவர்ட் ஓக்‌ஷாட் வகுத்த வரிசை உதவும். இடைக்கால வாள்களை அலகின் வடிவம் பார்த்து 10 முதல் 22 வரை எண்ணிட்டுப் பிரித்தவர் அவர். அதில் 10ஆம் வகை அகலமானது, தட்டையானது, நடுவே காடி எனும் நீளப் பள்ளம் ஓடுவது, வெட்டுக்கு ஏற்றது. 15ஆம் வகை வைரக் குறுக்குவெட்டு கொண்டது, முனை நோக்கிக் கூம்பியது, தகட்டுக் கவசத்தின் இடுக்கில் குத்துவதற்காக விறைப்பாகச் செய்யப்பட்டது. என்ன வேலைக்கான வாள் என்று தீர்மானிக்காமல் இரண்டையும் கலந்து வரையாதீர்கள். கற்பனை வாள் செய்பவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான்.

காடி பற்றி ஒரு வார்த்தை. அது இரத்தம் வழிந்தோடுவதற்கு என்று சொல்பவரைக் கண்டால் சிரித்துவிட்டு நகருங்கள். விறைப்பை அதிகம் இழக்காமல் எடையைக் குறைப்பதற்கு வந்தது அது. அலகின் நடுப்பகுதி வளைவதை அதிகம் தடுப்பதில்லை, அங்கே உள்ள இரும்பை எடுத்தால் பெரிய நட்டமில்லை.

இரும்பு

பழைய லாரிப் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வருவார்கள். கத்திக்குப் பரவாயில்லை. வாளுக்கு வேண்டாம். பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நாள் முழுக்க அடித்து, எண்ணெயில் தோய்த்தபின் அது வெளியே வரும். எந்த வகை எஃகு என்றும் உறுதியாகத் தெரியாது. புதுப் பட்டையின் விலை உங்கள் உழைப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

வாளுக்குக் கரிமம் 0.6 முதல் 0.8 சதவீதம் இருந்தால் போதும். 5160 எனும் ஸ்பிரிங் எஃகில் கரிமம் 0.56 முதல் 0.64 சதவீதம், குரோமியம் 0.7 முதல் 0.9 சதவீதம். எண்ணெயில் நிதானமாகக் கடினப்படும், வளைந்தால் நிமிரும். தொடங்குபவருக்கு இதைத்தான் சொல்வேன். 1075, 1084 இரண்டும் நல்லவை, ஆனால் அவற்றை வேகமாகக் குளிர்விக்க வேண்டும். 1095இல் கரிமம் அதிகம். கத்தியில் அழகாக உட்காரும், வாளில் பயப்பட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு பக்கமே போகாதீர்கள். கட்டடக் கம்பியில் கரிமம் போதாது, எவ்வளவு தோய்த்தாலும் இறுகாது.

மேலே சொன்ன அளவுக்கு 6 மி.மீ. தடிமன், 38 மி.மீ. அகலம், 60 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான பட்டை போதும். ஏறத்தாழ ஒரு கிலோ. செதிலாக உதிர்வதும் அரைப்பதும் போக ஏழெட்டு நூறு கிராம் கையில் நிற்கும். ஒரு துண்டைக் கூடுதலாக வெட்டி வையுங்கள். அது சோதனைக்கு, பின்னால் வரும்.

உலையும் பட்டடையும்

வாள் என்றதும் வாள் நீளத்துக்கு உலை வேண்டும் என்று நினைக்கிறார்கள். அடிப்பதற்கு வேண்டாம். ஒரு நேரத்தில் உங்களால் அடிக்க முடிவது 15 செ.மீ.தான். அதற்கு மேல் சூடாக்கினால் அடிக்காத பகுதியில் செதிலும் கரிம இழப்பும்தான் மிச்சம். எரிவாயு உலையோ மரக்கரி உலையோ, கைக்குப் பழகியது எதுவோ அது. இரண்டு முனையும் திறந்திருந்து பட்டை உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்படி இருந்தால் வசதி. காற்றை அதிகம் விட்டால் எஃகு மேற்பரப்பில் கரிமத்தை இழக்கும். எரிவாயு உலை வாயில் லேசாக மஞ்சள் சுடர் நாக்கு நீட்டினால் காற்று அளவோடு இருக்கிறது என்று அர்த்தம். மரக்கரியோ எரிவாயுவோ, மூடிய அறையில் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வெளிச்சம் முக்கியம். வெயில் விழும் இடத்தில் உலை வைத்தால் நிறம் ஏமாற்றும்: செக்கச்சிவந்த இரும்பு நிழலில் சிவப்பு, வெயிலில் கறுப்பு. என் பட்டறையில் சன்னல்களுக்குச் சாக்குத் திரை போட்டிருக்கிறேன், தோய்ச்சலை, அதாவது சூடான அலகை எண்ணெயில் இறக்கி இறுக வைக்கும் வேலையை, பொழுது சாய்ந்தபின்தான் எடுப்பேன்.

சுத்தியல் ஒரு கிலோவிலிருந்து 1.2 கிலோ. முகம் லேசாகக் குவிந்திருக்கட்டும், விளிம்புகளை அரைத்து மழுக்கிவிடுங்கள். கனமான சுத்தியலைத் தூக்குவது வீரமல்ல, மூன்றாவது மணி நேரத்தில் அடி எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு. பட்டடைக்கல் இல்லையென்றால் தண்டவாளத் துண்டைச் செங்குத்தாக நட்டு அதன் தலையில் அடிக்கலாம், இரும்பு முழு நீளத்துக்கும் சுத்தியலுக்குக் கீழே இருப்பதால் அடி வீணாகாது. குறடு பட்டையை இறுகப் பிடிக்க வேண்டும். தளர்ந்த குறடோடு வேலை செய்பவரைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவேன். பக்கத்தில் ஒரு மரக்கட்டை, ஒரு மரச்சுத்தி. நிமிர்த்துவதை எப்போதும் மரத்தின்மேல் மரத்தால் செய்யுங்கள், மெல்லிய விளிம்பில் வடு விழாது. கண்ணாடி, பருத்தி உடை, காதடைப்பு: இவற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை, போடாதவருக்கு உலை இல்லை.

அடிப்பது

முனையிலிருந்து தொடங்குங்கள். பட்டையின் நுனியை அப்படியே கூம்ப அடித்தால் மேற்புறம் முன்னே ஓடி நடு பின்தங்கும், நுனியில் வாய் பிளந்தாற்போல் ஒரு மடிப்பு உள்ளே போகும். அந்த மடிப்பு பிறகு விரிசல். ஆகவே இரண்டு மூலைகளையும் முதலில் வெட்டிவிட்டு, மிச்சத்தை உள்நோக்கி அடியுங்கள். மடிப்பு தெரிந்தால் அந்தச் சூட்டிலேயே வெட்டித் தள்ளுங்கள், அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்து மறு முனையில், பிடிக்குள் போகும் வால். அடியில் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பிடியின் கடைசியில் வரும் குமிழை நோக்கிக் கூம்பலாக. வாலும் அலகும் சேரும் தோளில் செங்கோண மூலை இருக்கவே கூடாது. உள்வளைவாக விடுங்கள். உடைந்த வாள்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடைந்த இடம் அந்தத் தோள்தான்.

இப்போது தடிமனைக் குறைப்பது. ஆரஞ்சு நிறத்தில், அதாவது 950 முதல் 1050 டிகிரி செல்சியஸில், முனையிலிருந்து பிடியை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு கை அகலம். பட்டை நீளமும் ஆகும், அகலமும் ஆகும். அகலம் கட்டுமீறும் முன் விளிம்பில் நிறுத்தி அடித்து உள்ளே தள்ளுங்கள். 10 செ.மீ. கோடுகள் எழுதிய அட்டை பக்கத்திலேயே இருக்கட்டும், ஆறியபின் வெர்னியரால் அளந்து பாருங்கள். அரைத்தெடுக்க 0.8 மி.மீ. மிச்சம் வைத்தால் போதும். பிறகு அரைத்துக்கொள்ளலாம் என்று தடியாக விடுபவர் இரண்டு நாள் தூசியைத் தின்பார். மிக மெல்லியதாகப் போனால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழி கிடையாது.

மங்கிய சிவப்புக்குக் கீழே போனதும் கையை நிறுத்துங்கள். சூடு தணிந்த எஃகை அடித்தால் உள்ளுக்குள் விரிசல் விடும். விளிம்பைச் சூடு குறைவாக வைத்துத் தட்டித் தட்டி ‘இறுக்கினால்’ கூர் உறுதியாகும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். தோய்ச்சலுக்காகச் சூடேற்றும்போது பழைய கட்டமைப்பு எல்லாம் புதிதாக உருவாகிவிடுகிறது, நீங்கள் தட்டி ஏற்றியது எதுவும் மிஞ்சாது.

கடைசியாக விளிம்புச் சரிவுகள். இருபுறக் கூர் வாளில் நான்கு சரிவு. ஒரு சரிவை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அலகு திருகிக்கொண்டு போகும். ஒரு சூட்டுக்கு நான்கிலும் சமமாக அடி விழ வேண்டும்: சில அடி, புரட்டு, சில அடி, மறு விளிம்பு. ஒருபுறக் கூர் வாளில் வேறு சிக்கல். விளிம்பு மெலியும்போது நீளும், அலகு முதுகுப் பக்கம் வளையும். அதற்கு ஈடாக, சரிவு அடிக்கத் தொடங்கும் முன் பட்டையைக் கூர்ப் பக்கமாக லேசாக வளைத்து வையுங்கள். அடித்து முடிக்கும்போது தானே நிமிர்ந்து வரும். எவ்வளவு வளைப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, உங்கள் சுத்தியல் சொல்லும்.

ஒவ்வொரு சூட்டின் முடிவிலும் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி விளிம்பின் ஓரமாகப் பாருங்கள். கோணல் அப்போதே தெரியும். கோணலைச் சேர்த்துவைத்துக் கடைசியில் எடுக்கலாம் என்பது சோம்பேறியின் கணக்கு.

காடியை முதல் வாளில் அடித்து எடுக்க வேண்டாம். அரைத்தோ சுரண்டியோ எடுங்கள். அடித்தெடுக்கும் காடி அலகை அகலப்படுத்தும், முழு அளவுக் கணக்கையும் மாற்றிவிடும்.

தோய்ச்சலுக்கு முன்

அரைக்கும்போது விளிம்பை 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் நிறுத்துங்கள். இதைவிட மெலிந்தால் எண்ணெயில் நெளிந்துபோகும், விரிசலும் விடலாம். 120 எண் உப்புத்தாள் பட்டை வரை போங்கள். கடைசிக் கீறல்கள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் விரிசலுக்கு அழைப்பு. கூரான மூலைகளை மழுக்கிவிடுங்கள். துளை போட வேண்டிய இடம் இருந்தால் இப்போதே போடுங்கள்.

அதன்பின் நார்மலைசிங். முழு அலகையும் 870 டிகிரி வரை ஏற்றி, அசையாத காற்றில் கறுப்பாகும்வரை ஆறவிடுங்கள். இரண்டாவது தடவை 820, மூன்றாவது 780 வரை மட்டும். அடித்ததில் ஏறிய இழுவிசை போகும், எஃகுக்குள் பெரிதாக வளர்ந்த மணிகள் சிறுக்கும். ஆறவிடும்போது வாலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். படுக்கவைத்தால் சூட்டில் தன் எடைக்கே தொய்யும். கூடுதலாக வெட்டிய துண்டையும் அலகோடு சேர்த்து இதே மாதிரி சூடாக்கித் தோய்த்து, சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சர்க்கரை மணிகளாக மின்னினால் சூடு அதிகம். மங்கலாக, நைஸாக, சாம்பல் நிறமாக இருந்தால் சரி. இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் என்னிடம் இரண்டு துண்டான வாளோடு வந்து எஃகைக் குறை சொல்கிறார்கள்.

தோய்ச்சல்

இதில்தான் நீளமான சூடு வேண்டும். அலகு நுழையும் அளவு எஃகுக் குழாயை உலைக்குள் வைத்து, அதற்குள் வாளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே சூடாக்கினால் நேர்ச் சுடர் படாது, சூடு சமமாகும். அந்தக் குழாயில் துத்தநாகப் பூச்சு இருக்கக் கூடாது. அதன் புகை நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல், நடுக்கம், சில வேளை அதைவிட மோசம். முனை மெல்லியது, அது முந்திக்கொண்டு சூடேறும். அதை அவ்வப்போது மறுபக்கம் வெளியே தள்ளி ஆறவிடுங்கள்.

எப்போது சரியான சூடு? எஃகு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தை விடும். கம்பியில் கட்டிய காந்தம் ஒன்று எப்போதும் என் உலைக்கு அருகில் தொங்கும். ஆனால் காந்தம் விட்டது போதாது, 5160க்கு இன்னும் 50, 60 டிகிரி ஏற வேண்டும், 830 வாக்கில். உணவுக்குப் போடும் உப்பு 801 டிகிரியில் உருகும். சோதனைத் துண்டின்மேல் ஒரு சிட்டிகை உப்பை வைத்து அது உருகும் நேரத்து நிறத்தைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு அடையாளம், இருட்டில்தான் தெரியும்: சூடேறும் அலகில் ஒரு நிழல் நெளிந்து நகர்ந்து மறையும். உள் கட்டமைப்பு மாறும்போது அது வெப்பத்தை உறிஞ்சுவதால் வரும் நிழல். அலகின் எந்தப் பகுதியிலும் அந்த நிழல் மிச்சமில்லை என்றானபின் ஒரு நிமிடம் பிடித்துவையுங்கள். வெப்பமானி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், ஆனால் நிழலைப் படிக்கக் கற்பதை விடாதீர்கள்.

எண்ணெய்த் தொட்டி செங்குத்தான எஃகுக் குழாயாக இருக்கட்டும், ஆழம் ஒரு மீட்டருக்கு மேல், அகலம் 15 செ.மீ., அடி அகலமான தாங்கியில் பற்றவைத்தது. சாய்ந்தால் பட்டறை போகும். சமையலுக்கு ஆகும் கடுகு இன எண்ணெய் வகைகள் 5160க்குப் போதும். 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் நீர்த்து, அலகை வேகமாகச் சூழ்ந்து குளிர்விக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். மூடி பக்கத்தில் இருக்கட்டும், எண்ணெய் பற்றினால் மூடிதான் போட வேண்டும், தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குப் போகும்.

முனையை முதலில் விட்டு, நேர் செங்குத்தாக, தயங்காமல் இறக்குங்கள். உள்ளே மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைக்கவே கூடாது. ஒரு பக்கம் மற்றதைவிட வேகமாகக் குளிர்ந்தால் அலகு வில்லாகும். பத்து எண்ணும் நேரம். எடுத்ததும் அலகு 200 டிகிரி வாக்கில் இருக்கும், இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முனையைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். கோணல் இருந்தால் தடித்த கையுறையோடு கையாலேயே வளைத்து நிமிர்த்தலாம். அரை நிமிடம், போனால் ஒரு நிமிடம். விறைப்பு ஏறுவது கையில் தெரியும், தெரிந்ததும் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கையில் இரண்டு துண்டு.

தண்ணீரில் தோய்க்கலாமா என்று கேட்பார்கள். ஜப்பானிய வாளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள்: முதுகில் களிமண் பூச்சைத் தடியாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி நீரில் இறக்குவார்கள். விளிம்பு சட்டெனக் குளிர்ந்து மார்ட்டன்சைட் எனும் இறுகிய கட்டமைப்பாக மாறும்போது அளவில் விரியும், முதுகு விரியாது, அதனால்தான் அந்த வளைவு. விளிம்பை ஒட்டி ஓடும் வெண்ணிறக் கோடும் இதன் விளைவு. பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் கைதேர்ந்தவர்களுக்கே அங்கே வாள்கள் விரிசல் விடும். 5160இல் அந்தக் கோடு தெளிவாக விழாது, குரோமியம் எஃகை ஆழமாக இறுக வைத்துவிடும். அந்தக் கோடுதான் வேண்டும் என்றால் 1095 அல்லது டபிள்யூ2 எடுங்கள், பத்து வாள் அடித்தபின்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரத்தை விளிம்பில் ஓட்டுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் இறுகியிருக்கிறது. மேல்தோல் சற்று மிருதுவாக இருக்கலாம், இரண்டு இழுப்புக்குப் பின் வழுக்கினாலும் சரிதான்.

டெம்பர்

டெம்பர் என்பது இறுகிய அலகை மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் குணத்தைக் குறைப்பது. அலகை அன்றிரவே டெம்பருக்குள் வையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் விட்டால், உள்ளே இருக்கும் இழுவிசையில் அது தானாக விரிசல் விடக்கூடும். கீழே விழுந்தால் கண்ணாடிக்கு இருக்கும் ஆயுள்தான்.

வாள் நுழையும் அடுப்பு வீட்டில் இருக்காது. மின்கம்பிச் சுருளும் வெப்ப உணரியும் பொருத்திய, காப்புப் பஞ்சு சுற்றிய நீளக் குழாய் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், அதுதான் நான் பயன்படுத்துவது. சிறு கத்திக்கு 200 டிகிரி, வைக்கோல் நிறம் போதும். வாளுக்குக் கடினத்தைவிட வளைந்து நிமிர்வது முக்கியம், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50 முதல் 54 போதும். எஃகின் நிறம் 280இல் ஊதாவுக்கும் 300இல் நீலத்துக்கும் வரும். ஸ்பிரிங் டெம்பர் என்று பழைய கொல்லர்கள் நிறுத்தியது அந்த நீலத்தில்தான். ஒன்றைக் கவனியுங்கள்: சில எஃகுகள் 260க்கும் 370க்கும் இடையில் டெம்பர் வைத்தால் நொறுங்கும் குணம் காட்டும். எஃகு விற்பவரிடம் அந்த வகைக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதில் சொன்ன எண்ணை நம்புங்கள், நிறத்தை அல்ல. இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம்.

முதல் டெம்பருக்குப் பின்னும் கோணல் மிஞ்சினால், தடித்த நேரான பட்டையோடு அலகைச் சேர்த்துப் பிடித்து, கோணலுக்கு எதிர்ப்பக்கம் சற்று அதிகம் வளையும்படி இடையில் ஆணித்துண்டு செருகிக் கிடுக்கியால் இறுக்குங்கள். அப்படியே இரண்டாவது டெம்பருக்குள் போகட்டும். குளிர்ந்த அலகைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த நினைக்காதீர்கள்.

இப்போது சோதனை. முகக் கவசம் போட்டுக்கொண்டு, முனையை மரக்கட்டையில் ஊன்றி அலகை மெதுவாக வளையுங்கள். விட்டதும் நேராக வர வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் மெது, முறிந்தால் பதம் கெட்டி. பின்பு தட்டைப் பக்கத்தால் மரத்தில் இரு புறமும் ஓங்கி அறையுங்கள். விரிசல் இருந்தால் இங்கேயே வெளிவரட்டும், வேறொருவர் கையில் வேண்டாம்.

முடிக்கும் வேலை

மிச்ச அரைப்பைக் கையுறை இல்லாமல் செய்யுங்கள், ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தபடி. கை பொறுக்காத சூடு வந்தால் மெல்லிய விளிம்பில் டெம்பர் போக வழியிருக்கிறது. 220, 400, 600 என்று ஏறினால் போதும். கண்ணாடியாக மினுக்குவது எனக்குப் பிடிக்காது, அது சரிவின் கோடுகளைக் கரைத்துவிடும். விளிம்பைக் கத்தியின் சவரக் கூருக்குக் கொண்டுபோக வேண்டாம். லேசாக வெளிக்குவிந்த சரிவில், மொத்தம் 35 டிகிரி வாக்கில் நிறுத்தினால் கடினமான பொருளில் பட்டும் மடங்காது.

கைக்காப்பின் துளை வாலைவிட மயிரிழை சிறியதாக இருக்கட்டும், அதைச் சூடாக்கித் தோள் வரை அடித்து இறக்கலாம். அலகின் பக்கம் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிடிக்கு இரண்டு பாதி மரத்தைக் குடைந்து ஒட்டி, மேலே நூல் சுற்றி, அதன்மேல் ஈரத்தோலை இறுக்கித் தைத்தால் கையில் வழுக்காது. கடைசியில் குமிழ். வாலின் நுனி அதைத் துளைத்து வெளியே வரும், அந்த நுனியைச் சூடாக்கி ஆணித்தலையாகத் தட்டி மடக்கினால் எல்லாம் ஒன்றாக இறுகும். வாலின் நுனி இறுகியிருந்தால் தட்டும்போது பிளக்கும், முன்பே அதை மட்டும் சிவக்கச் சூடாக்கி மிருதுவாக்கிவிடுங்கள். கனமான குமிழ் போட்டு முன்கனத்தைச் சரிசெய்யலாம் என்று தப்புக்கணக்கு போடாதீர்கள். சமநிலைப் புள்ளி பின்னால் வரும், ஆனால் மொத்த எடை ஏறும், முனை மந்தமாகவேதான் நிற்கும். அது தடிமனில் தீர்த்திருக்க வேண்டிய கணக்கு.

பழைய வாளின் வரிகள்

அலகில் வரிவரியாக ஓடும் கோலத்தைப் பார்த்துத்தான் பலர் இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள். அதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றென்று கலக்காதீர்கள். ஒன்று, வேறுபட்ட இரும்புகளை அடுக்கி உலையிலேயே பற்றவைத்து முறுக்கியது. 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு வாள் அப்படிப்பட்டது. இதற்கு வெண்மஞ்சள் சூடு, வெண்காரம், சுத்தமான மேற்பரப்பு வேண்டும். ஓரடுக்கு சரியாக ஒட்டாவிட்டாலும் தோய்ச்சலில் பிளக்கும்.

மற்றது ஊட்ஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எனும் உருக்குக் கலத்தில் உருக்கிய எஃகு, கரிமம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார், 1819இல் மைக்கேல் ஃபாரடே பகுத்துப் பார்த்தார். வரிகள் எப்படி வருகின்றன என்பதை 1998இல் உலோக ஆய்வாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் விளக்கினார்கள்: கனிமத்தோடு வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் நுண்ணளவில் இருந்தாலே போதும், குறைந்த சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடு (இரும்பும் கரிமமும் சேர்ந்தது) மணிகள் வரிசைகளாகத் திரள்கின்றன. சூடு ஏறினால் மணிகள் கரைந்து கோலமும் போய்விடும். சாதாரண வாளுக்குப் பழகிய கையோடு ஆரஞ்சு நிறத்தில் ஊட்ஸை அடித்தால் கட்டி நொறுங்கும். இதற்கு மங்கிய சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பு வரை மட்டும், சின்னச் சின்ன அடியாக, பொறுமையாக. முதல் வாளை முடித்தவர் உடனே இதற்குத் தாவுவதைவிட, அதே அளவில் இன்னும் நான்கைந்து வாள் அடிப்பது நல்லது.

வாளைத் தோலுறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் சேர்ந்து துருவை வரவழைக்கும். துணியில் தொட்ட எண்ணெயை மெல்லியதாகப் பூசி, உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். விரல் பட்ட ஒவ்வொரு தடவையும் துடைத்துவிடுங்கள். வியர்வைத் தடம் அடுத்த நாளே பழுப்பாகத் தெரியும்.